கடை வேலையும் கல்விக் கடனும்

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், ஈஸ்ட் ஹாமை அடுத்து, மேனர் பார்க் என்று ஒரு பேட்டை இருக்கிறது. இங்கிலாந்தில் வாழும் தமிழர்களுக்கு அது முருகன் கோயிலால் தெரிந்த இடம். வாணிப சரித்திரம் எழுதுகிறவர்களோ அதை வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். கடைக்காரரிடம் கேட்டுச் சாமான் வாங்கிப் பழகிய மக்கள், தாமே கூடையை எடுத்துக்கொண்டு அலமாரிகளுக்கிடையே நடந்து, வேண்டியதைத் தம் கையாலேயே எடுத்து, வெளியேறும் வழியில் பணம் செலுத்திவிட்டுப் போகும்படி அமைந்த பெரிய அங்காடியை, லண்டன் கூட்டுறவுச் சங்கத்தார் 1948 ஜனவரியில் திறந்தது அந்தப் பேட்டையில்தான். பிரிட்டனின் முதல் சூப்பர் மார்க்கெட் என்று அதையே குறிப்பிடுவது வழக்கம். இரண்டு ஆண்டுகள் கழித்துச் செயின்ஸ்பரி நிறுவனத்தார் கிராய்டனில் இருந்த தங்கள் கடையை அதே முறைக்கு மாற்றினார்கள். இன்று அந்த இரண்டு வட்டாரங்களிலும், அவற்றைப் போன்ற வேறு பல ஊர்களிலும், மாலை நேரத்தில் இத்தகைய அங்காடிகளுக்குள் நுழைந்து பார்த்தால், அலமாரி நிரப்புகிறவர்களிடையே திருச்சியிலும் கோயம்புத்தூரிலும் யாழ்ப்பாணத்திலும் பட்டம் பெற்று மேற்படிப்புக்காக விமானம் ஏறிய நம் பிள்ளைகளைக் காண்பது சர்வ சாதாரணமாகிவிட்டது.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், எந்தப் பல்கலைக்கழகம், என்ன பாடம் என்ற கேள்விகளுக்கு அடுத்தபடியாக, சில வீடுகளில் அவற்றுக்கும் முன்பாகவே, எழுகிற கேள்வி ஒன்று உண்டு: “அங்கே பார்ட் டைம் வேலை கிடைக்குமா?” முயன்றால் கிடைக்கும் என்பதே உண்மையான பதில். ஆனால் அந்த வேலை எதற்குப் போதும், எதற்குப் போதாது என்ற இரண்டாவது கேள்வியை நம்மவர்கள் கேட்பதில்லை. கேட்டாலும், விடை சொல்ல வேண்டியவர்கள் வாய் திறப்பதில்லை. சூப்பர் மார்க்கெட் வேலை ஒரு மாணவனின் சாப்பாட்டுக்கும் பஸ் செலவுக்கும் கைகொடுக்கும். கல்விக் கட்டணத்தையும் ஊரிலே வாங்கிய கடனையும் அந்த வேலையின் தலையில் கட்டுவது அப்பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வேலையின் கௌரவத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். படிக்கிற பிள்ளை கடையில் நிற்பது குடும்பத்துக்குக் குறைவு என்று கருதும் மனோபாவம் நம் நாட்டில் இன்னும் அடியோடு போகவில்லை. வாரச் சாப்பாடு உண்டும், பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தும் படித்து முன்னுக்கு வந்த முன்னோரின் கதைகளைப் பெருமையோடு பேசுகிற அதே வீடுகளில், மகன் கோடை விடுமுறையில் தெருமுனை மளிகைக் கடைக்குப் பொட்டலம் கட்டப் போகிறேன் என்றால் சம்மதிக்க மாட்டார்கள். தென்பாண்டிச் சீமையின் வணிகக் குடும்பங்கள் இதற்கு விலக்கு. கல்லாவில் உட்காருவதற்கு முன் பிள்ளை தராசு பிடிக்கவும் மூட்டை அடுக்கவும் பழக வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி. மற்றவர்களோ, கடல் கடந்த பிறகு மகன் அதே வேலையைத்தான் செய்கிறான் என்பதை உறவினரிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள். பிள்ளையும் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அம்மாவோடு வீடியோவில் பேசுகிறான். இந்த மறைப்பினால் விளையும் நஷ்டம் பெரிது. வெளியில் சொல்லக் கூசுகிற வேலையைப் பற்றி யாரிடமும் யோசனை கேட்க முடிவதில்லை. முன்பே போய் அடிபட்டுத் தெரிந்துகொண்டவர்களின் அனுபவம் அடுத்த வருஷம் போகிறவர்களுக்கு வந்து சேருவதும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது.

வேலை தேடும் முறை ஊரில் நாம் அறிந்ததற்கு வேறானது. பெரிய அங்காடிகள் விண்ணப்பங்களைத் தங்கள் இணையதளத்தின் வழியாகவே பெறுகின்றன; மானேஜரை நேரில் கண்டு வேலை கேட்கும் பழக்கம் அநேகமாகச் சிறு கடைகளோடு நின்றுவிட்டது. விண்ணப்பத்தில் பட்டங்களையும் மதிப்பெண்களையும் நிரப்புவதில் நம் பிள்ளைகள் காட்டும் சிரத்தையை, எந்தெந்தக் கிழமையில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வேலைக்கு வர இயலும் என்று கேட்கும் பகுதியில் காட்டுவதில்லை. ஆள் எடுப்பவரின் கண் முதலில் விழுவது அங்கேதான். முதல் வகுப்பில் தேறிய பொறியியல் பட்டதாரி என்பதைக் காட்டிலும், வெள்ளிக்கிழமை மாலையும் சனி ஞாயிறும் தவறாமல் வரக்கூடியவன் என்பதே அவருக்கு வேண்டிய தகுதி. எந்நாளும் எந்நேரமும் வருவேன் என்று எழுதி வேலையில் சேர்ந்துவிட்டு, இரண்டாம் வாரத்தில் செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கூட வகுப்பு இருக்கிறது என்று போய் நிற்பவன் முதல் மாதத்திலேயே நம்பிக்கையை இழக்கிறான். ஆகையால் வகுப்பு அட்டவணை கைக்கு வந்த பிறகு, நூலகத்தில் உட்காரவும் துணி துவைக்கவும் தூங்கவும் வேண்டிய நேரத்தையும் கழித்துக்கொண்டு, மீதியை மட்டும் எழுதுவதே முறை.

இதில் காலமும் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குத் தற்காலிக ஆட்களைச் சேர்க்கும் வேலை செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. இலையுதிர் காலத்தில் வந்து இறங்கும் மாணவனுக்கு அது நல்ல சந்தர்ப்பம். அப்படிச் சேர்ந்தவர்களில் ஒழுங்காக வந்தவர்களைப் பண்டிகைக்குப் பின்னும் வைத்துக்கொள்வதுண்டு. ஜனவரிச் சேர்க்கையில் போகிறவனோ, அந்தத் தற்காலிக ஆட்கள் வீட்டுக்கு அனுப்பப்படுகிற சமயம் பார்த்துப் போய் இறங்குகிறான். ஜனவரியில் இடம் எளிதாகக் கிடைக்கும் என்று சொல்கிற முகவர்கள் இதைச் சொல்லக் கேட்டதில்லை. முதல் இரண்டு மூன்று மாதங்கள் வேலையின்றியே கழியக்கூடும் என்று கணக்குப் பண்ணி, அதற்கு வேண்டிய பணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவன் புறப்பட வேண்டும்.

காகித விவகாரங்கள் அதிகமில்லை. அரசாங்க இணையதளத்தில் எடுக்கும் ‘ஷேர் கோடு’ என்ற குறியீட்டைக் கொடுத்தால், இவனுக்கு வேலை செய்ய அனுமதி உண்டா, எத்தனை மணி நேரம் உண்டு என்பதை முதலாளி தாமே பார்த்துக்கொள்வார். மாணவனாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் பருவ நாட்களுக்கும் விடுமுறை நாட்களுக்கும் அத்தாட்சி வாங்கி வைப்பதும் அவர் கடமை. தேசியக் காப்புறுதி எண் வரவில்லை என்பதற்காக வேலை தொடங்காமல் இருக்க வேண்டியதில்லை, விண்ணப்பித்திருந்தால் போதும். அந்த எண்ணுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், அவரை விட்டு விலகிவிடுவது நல்லது.

வேலை கிடைப்பதைவிட அதை வைத்துக்கொள்வதில்தான் விஷயம் இருக்கிறது. அது எத்தகைய வேலை என்பதை அறியாதவர்கள் அதை அற்பமாக எண்ணுகிறார்கள். கிடங்கிலிருந்து சக்கரம் பொருத்திய கம்பிக் கூண்டுகள் ஆளுயரத்துக்குச் சாமான் நிரம்பி வரும். அவற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, அங்காடி மூடுவதற்குள் காலி செய்தாக வேண்டும். பால் அடுக்குவதை எடுத்துக்கொள்வோம். புதிதாக வந்த புட்டிகளை அலமாரியின் பின்புறம் தள்ளி, தேதி முந்தியவற்றை முன்னால் இழுத்து வைக்க வேண்டும். அவசரத்தில் புதியதை முன்னால் வைத்துவிட்டால், பழையது பின்னாலேயே கிடந்து தேதி கடந்து வீணாகும். வாங்க வருகிறவர்களோ அலமாரியின் ஆழத்துக்குக் கையை விட்டு, நாட்பட இருக்கக்கூடிய புட்டியைத் தேடி எடுக்கிறவர்கள். அவர்கள் கலைத்ததை மறுபடியும் நேராக்க வேண்டும். குளிர் அலமாரியின் முன் அரை மணி நேரம் நின்றால் விரல் நுனிகள் மரத்துப் போகின்றன. ‘யூஸ் பை’ என்று குறித்த தேதி கடந்த பண்டத்தை விற்பது அந்நாட்டில் குற்றம். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்று குறித்தது கடந்தால் குற்றமாகாது. இந்த வித்தியாசத்தை மறந்து ஒரு பாக்கெட் இறைச்சியை அலமாரியில் விட்டுவிட்டால், அதற்குக் கடை பதில் சொல்ல வேண்டும்.

மாலை முற்றியதும், அன்றோடு தேதி முடியும் ரொட்டிக்கும் இறைச்சிக்கும் நறுக்கிய பழத்துக்கும் விலையைக் குறைத்து மஞ்சள் சீட்டு ஒட்டுவார்கள். அந்த நேரத்தை அறிந்து வந்து காத்திருப்பவர்கள், சீட்டு அச்சிடும் கருவியைக் கையில் வைத்திருக்கும் பையனைச் சூழ்ந்துகொள்வார்கள். மதியம் முதல் வெறும் பிஸ்கட்டில் இருக்கும் அவனுக்கும் அந்தப் பண்டத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு போய் இராச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருக்கத்தான் செய்யும். ஆனால் விலை குறைக்கும் முன் தனக்கென்று ஒன்றை ஒதுக்கி வைப்பது பல அங்காடிகளில் வேலையையே போக்கிவிடும் குற்றம். ஊரில் கடை ஊழியர் ஒரு வாழைப்பழத்தை எடுத்துத் தின்பதை முதலாளி கண்டுகொள்ளாமல் விடுவது உண்டு. அந்தப் பழக்கத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது என்பதை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பில் போடும் இடத்தில் வேறு வகைப் பொறுப்பு. மது, சிகரெட், கத்தி, லாட்டரிச் சீட்டு ஆகியவற்றைப் பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது. லாட்டரிக்குப் பதினாறாக இருந்த வயது 2021இல்தான் பதினெட்டாயிற்று. இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றும் எவரிடமும் அத்தாட்சி கேட்க வேண்டும் என்பது பெரிய அங்காடிகள் கைக்கொள்ளும் நியமம். சிறுவனுக்கு மது விற்றுவிட்டால் கடைக்கு மட்டுமின்றி விற்ற ஊழியருக்கும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம் வீட்டுப் பெண், தன்னைவிட ஒரு முழம் உயர்ந்த ஆடவனை நிமிர்ந்து பார்த்து, “வயதுக்கு அத்தாட்சி காட்டுங்கள்” என்று கேட்டு, அவன் உரத்த குரலில் வைதாலும் புட்டியைக் கொடுக்காமல் நிற்க வேண்டியிருக்கிறது. அப்படி நின்று பழகியவள், பின்னாளில் உத்தியோகத்தில் மேலதிகாரி முறையற்ற ஒன்றைச் செய்யச் சொல்லும்போதும் முடியாது என்று சொல்வாள் என நான் நம்புகிறேன். கடை ஊழியரை வைவதும் அடிப்பதும் அந்நாட்டில் நெடுநாளைய தொல்லை. 1947இல் உருவான கடை ஊழியர் சங்கம் அதை எதிர்த்து ஓயாமல் இயக்கம் நடத்தி வருகிறது. பகுதி நேர ஊழியரும் அதில் அங்கத்தினராகலாம். சங்கம் என்றாலே விலகிப்போகும் நம் பிள்ளைகள் இவ்விஷயத்தில் தயங்காமல் சேர வேண்டும்.

இவை தவிர, வேலையை நிலைக்கச் செய்வன மிகச் சாதாரணமான ஒழுங்குகளே. ஆறு மணிக்கு ஷிஃப்ட் என்றால் சீருடை அணிந்து ஐந்தே முக்காலுக்குக் கடைக்குள் இருப்பது. உடம்பு சரியில்லையென்றால் நண்பன் மூலம் செய்தி அனுப்பாமல், தானே, வேலை நேரம் தொடங்குமுன், தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்வது. பரீட்சைக்கு விடுப்பு வேண்டுமானால் பரீட்சை அட்டவணை வந்த அன்றே எழுத்தில் கேட்பது. விடுப்பு கேட்பதற்குக் கூசுவது நம்மவர்களிடம் உள்ள ஒரு குறை. ஆண்டுக்கு 5.6 வாரச் சம்பள விடுப்பு, செய்யும் மணிகளின் விகிதப்படி, பகுதி நேர ஊழியருக்கும் உரியது. ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஷிஃப்டில் இருபது நிமிஷ இடைவேளையும் அவ்வாறே. பகுதி நேரம் என்ற காரணத்தால் ஒருவரை முழு நேர ஊழியரைவிடக் குறைவாக நடத்தக் கூடாது என்று 2000ஆம் ஆண்டிலேயே அங்கே விதி செய்திருக்கிறார்கள். எடுக்காத விடுப்பு வருஷ முடிவில் வீணாகிப் போன பிறகு வருந்திப் பயனில்லை.

இனி இருபது மணி நேரக் கணக்கு. பட்டப் படிப்புக்கோ அதற்கு மேற்பட்ட படிப்புக்கோ மாணவ விசாவில் இருப்பவர், பருவ காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரம் வரையில்தான் வேலை செய்யலாம். இந்த ஒரு வாக்கியத்தை எல்லோரும் அறிவார்கள். அதற்குள் இருக்கும் நுட்பங்களை அறியாமல் அகப்பட்டுக்கொள்கிறவர்கள் அநேகர். இந்த வாரம் பதினைந்து, அடுத்த வாரம் இருபத்தைந்து, சராசரி இருபது என்ற சமாதானம் எடுபடாது. இரண்டு இடங்களில் வேலை செய்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். சம்பளமில்லாத வேலையும் கணக்கில் சேரும். அன்றியும், சட்டம் சொல்கிற வாரம் திங்களன்று தொடங்கி ஞாயிறன்று முடிவது. கடையின் சம்பள வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் அங்கேயே ஒரு பொறி இருக்கிறது. திங்கள் முதல் சனி வரை இருபது மணி நேரம் வேலை செய்த மாணவனை, பெரிய அங்காடிகள் 1994ஆம் ஆண்டின் சட்டப்படி ஆறு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும் ஞாயிறன்று, அந்த ஆறு மணிக்கும் வரச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக் கணக்கில் அது அடுத்த வாரத்தின் முதல் நாள். இரண்டு வாரங்களும் ஒழுங்காகவே தோன்றும். விசாக் கணக்கில் அவன் அந்த வாரம் இருபத்தாறு மணி நேரம் வேலை செய்துவிட்டான். மானேஜர் சொன்னார், செய்தேன் என்பது அவனைக் காப்பாற்றாது.

இதனினும் பெரிய பொறி கோடைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடுமுறை, முழு நேரம் வேலை செய்து கடனை அடைத்துவிடலாம் என்று எண்ணித்தான் பலர் புறப்படுகிறார்கள். ஓராண்டு முதுகலை வகுப்பில் அந்த மாதங்கள் ஆய்வேடு எழுதுவதற்கு உரியவை; பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அவற்றைப் பருவ காலமாகவே கொள்கின்றன. வகுப்பறை பூட்டிக் கிடந்தாலும் இருபது மணி நேர வரம்பு நீங்குவதில்லை. வரம்பு மீறியது தெரியவந்தால் விசா ரத்தாகலாம். பின்னால் செய்யும் விண்ணப்பங்களும் நிராகரிக்கப்படலாம். அனுமதியில்லாத வேலை கொடுத்த முதலாளிக்கு, 2024 பிப்ரவரி முதல், ஆள் ஒன்றுக்கு முதல் முறை 45,000 பவுன் வரையிலும் மறுமுறை 60,000 பவுன் வரையிலும் அபராதம் விதிக்கலாம் என்றிருப்பதால், பெரிய நிறுவனங்கள் இதில் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை.

அப்படியானால் அந்த இருபது மணி நேரம் என்ன தருகிறது என்று பார்ப்போம். 2025 ஏப்ரலில், இருபத்தொரு வயதானவருக்கு மணிக்குக் குறைந்தபட்சக் கூலி 12 பவுன் 21 பென்ஸ் என்று நிர்ணயித்தார்கள். ஒரு பவுனுக்கு நூறு ரூபாய்க்கு மேல் என்ற கணக்கைப் போட்டு, மணிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட ரூபாய் என்று ஊரில் வியப்பவர்கள், அரிசியும் வாடகையும் பஸ் கட்டணமும் அங்கே பவுனில்தான் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு வாரமும் விடாமல், ஒரு மணி நேரமும் குறையாமல் இருபது மணி நேரம் வேலை செய்தால் வாரத்துக்கு 244 பவுன். வருஷம் முழுதும் அப்படியே கிடைத்தாலும் மாதத்துக்கு ஏறத்தாழ 1,058 பவுன். லண்டனில் படிக்கும் மாணவனுக்குச் சாப்பாடு, வாடகை முதலிய ஜீவனச் செலவுக்கு மாதம் 1,483 பவுன் வேண்டும் என்று விசா கொடுப்பதற்கு அளவுகோலாக வைத்தவர்கள் அந்த அரசாங்கத்தாரே. லண்டனுக்கு வெளியே 1,136 பவுன் என்றார்கள். அதே ஆண்டின் இறுதியில் இரண்டையும் இன்னும் உயர்த்திவிட்டார்கள். ஆகவே ஒரு நாள் கூடக் காய்ச்சலில் படுக்காத மாணவனுக்கும், அரசாங்கத்தின் கணக்குப்படியே, கடை வேலை உண்டு உறங்குவதற்குக் கூட முழுதாகப் போதாது. பதினெட்டு முதல் இருபது வயது வரையில் உள்ளவருக்கு அந்த ஏப்ரலில் நிர்ணயித்த கூலி பத்தே பவுன். கல்விக் கட்டணமோ, ஓராண்டு முதுகலைக்கு 15,000 பவுனுக்கு மேல் கேட்கும் பல்கலைக்கழகங்களே மிகுதி. அதற்கு இந்தச் சம்பளத்திலிருந்து எதைக் கிள்ளிக் கொடுப்பது?

கிள்ளிக் கொடுக்க ஒன்றுமில்லாதபோதுதான் பிள்ளைகள் வழி தவறுகிறார்கள். 1983க்குப் பின் ஏதிலிகளாகப் போய்ச் சேர்ந்த ஈழத் தமிழர்கள், இரவு பகல் பாராமல் உழைத்து, பெட்ரோல் நிலையங்களிலும் தெருமுனைக் கடைகளிலும் கால் ஊன்றினார்கள். ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் வெம்பிளியிலும் புதிதாக வந்த எத்தனையோ மாணவர்களுக்கு முதல் வேலையும் முதல் வேளைச் சோறும் கொடுத்தவை அவர்களுடைய கடைகளே. அந்த உபகாரத்தை மறப்பதற்கில்லை. ஆனால் அத்தெருக்களிலேயே, மாணவனின் இக்கட்டை அறிந்து, சம்பளச் சீட்டு இல்லாமல், சட்டம் சொல்லும் கூலியில் பாதியைக் கையில் கொடுத்து, வாரம் நாற்பது மணி நேரம் வேலை வாங்குகிற முதலாளிகளும் உண்டு. “அண்ணா, சம்பளம் பாக்கி இருக்கே” என்று கேட்கிற பிள்ளைக்கு, “உன் விசா என்ன விசா என்று தெரியும்தானே, தம்பி?” என்பது பதிலாக வரும். அதன் பிறகு அவன் யாரிடம் போவான்? குறைந்தபட்சக் கூலி கொடுக்காத முதலாளியிடமிருந்து பாக்கியை வாங்கித் தர அந்நாட்டில் அரசாங்க ஏற்பாடு இருக்கிறது. இருபது மணி நேர வரம்பைத் தானே மீறியவன் அந்த வாசலை மிதிக்க அஞ்சுகிறான். சட்டத்துக்கு உட்பட்டு நிற்பது மாணவனுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு என்று நான் வற்புறுத்துவது இந்தக் காரணத்தால்தான். சைக்கிளில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலி வேலையும் இத்தகையதே. அது சுயதொழிலாகக் கருதப்படுவது, மாணவ விசாவிலோ சுயதொழில் அறவே கூடாது. நண்பனின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவன் இரட்டைக் குற்றத்துக்கு ஆளாகிறான்.

பெற்றோரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. மகனை நல்ல நிலையில் பார்க்க வேண்டும் என்ற ஆசையால், வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தும், தாலிக்கொடி ஒன்றைத் தவிர மற்ற நகைகளை அடகு வைத்தும் பணம் புரட்டுகிறவர்கள் அவர்கள். ஆனால் பிள்ளை போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதமே “வேலை கிடைச்சுதா? வட்டிக்கு ஏதாச்சும் அனுப்ப முடியுமா?” என்று கேட்கத் தொடங்கினால், அந்தக் கேள்வி அவனை எங்கே தள்ளும் என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். முதல் ஆண்டின் கட்டணம் முழுவதும், ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவும், கடை வேலையை ஒரு காசும் நம்பாமல் கையில் இருந்தால் அனுப்பலாம். இல்லையென்றால் பிள்ளை உள்ளூரில் ஓராண்டு உத்தியோகம் பார்த்துச் சேர்த்துக்கொண்டு போவதில் ஒரு குறைவும் இல்லை. இருபத்திரண்டில் போகிறவன் இருபத்து மூன்றில் போனால் குடி முழுகிவிடாது.

குறை கூற வேண்டியவர்கள் வேறு. “படித்துக்கொண்டே சம்பாதியுங்கள், கட்டணத்தை நீங்களே கட்டுங்கள்” என்று தமிழ்நாட்டின் நகரங்களில் பலகை வைத்தும் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தும் பிள்ளைகளை ஏற்றுமதி செய்கிற கல்வி முகவர்கள், மேலே போட்ட கணக்கை அறியாதவர்கள் அல்லர். அனுப்பி வைக்கும் ஒவ்வொரு மாணவனுக்கும் பல்கலைக்கழகத்திடமிருந்து தரகு பெறுகிறவர்கள், அவன் வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம், அதற்கு என்ன கிடைக்கும், ஜீவனத்துக்கு அந்நாட்டு அரசாங்கமே எவ்வளவு வேண்டும் என்கிறது என்ற மூன்று எண்களைத் தங்கள் விளம்பரத்தில் அச்சிட வேண்டும். அவர்கள் தாமாக அச்சிடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அத்தகைய விளம்பரங்களை வாங்கிப் போடும் தமிழ்ப் பத்திரிகைகள், இதை வெளியிடும் பத்திரிகை உட்பட, அந்த மூன்று எண்கள் இல்லாத விளம்பரத்தை ஏற்பதில்லை என்று இந்தச் சேர்க்கைப் பருவம் முதல் ஒரு விதி செய்துகொள்ள வேண்டுமென்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.